பழைய கதவில் புரியாத கீலா? முதலில் கதவை அசைத்துப் பாருங்கள்

ஒரு பழைய கதவைக் கழற்ற வேண்டும். திருப்புளியோடு போய் நின்றால் கீலைக் காணவே காணோம். அல்லது கீல் இருக்கிறது, ஆனால் இதுவரை பார்த்த எதைப் போலவும் இல்லை. தகட்டில் ஒரு திருகுகூடத் தெரியவில்லை. இரண்டு தகடு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது. நேராக வெட்டியிருக்க வேண்டிய கணு சரிவாக வெட்டப்பட்டிருக்கிறது. இப்படி ஒரு கதவின் முன் முதல்முறையாக நிற்பவருக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வேலையில் எனக்கு எப்போதும் கைகொடுக்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கதவுக்கு என்ன தொல்லை இருந்திருக்கும்? சாதாரணக் கீல் போதும் என்றால் கூடுதல் உழைப்பும் உலோகமும் போட்டு வேறொன்றை யாரும் செய்திருக்க மாட்டார்கள். கதவு கனமாக இருந்திருக்கலாம். தரைவிரிப்பு தடுத்திருக்கலாம். சுவரோரச் சட்டம் இடித்திருக்கலாம். உள்ளே போகிறவர்கள் யாரும் கதவைச் சாத்தாமல் போயிருக்கலாம். அந்தத் தொல்லையைக் கண்டுபிடித்தால் கீல் எப்படி வேலை செய்கிறது என்பது தானாகப் புரியும். பெயரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

நாலு சொற்களை மட்டும் முதலில் தெரிந்துகொள்வோம். கதவிலும் நிலையிலும் பொருத்தப்படும் இரண்டு பக்கங்களைத் தகடு என்கிறேன். தகடுகள் சேருமிடத்தில் குழாய்போல இருந்துகொண்டு, ஒன்றுக்கொன்று மாறிமாறிக் கோத்து நிற்கும் துண்டுகள் கணுக்கள். மூங்கில் கணுவைப்போல அடுக்கடுக்காக இருப்பதால் எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். கணுக்களுக்குள் மேலிருந்து கீழாகப் போகும் கம்பி, பின். குழிக்குள்ளோ வளையத்துக்குள்ளோ நின்று சுழலும் முனை, முளை. அந்த முளை கதவுக் கட்டையிலேயே செதுக்கியதாக இருந்தால் அதற்குக் குடுமி என்று பெயர்.

திருப்புளியை எடுப்பதற்கு முன்

கதவைச் சாத்துங்கள். தரைக்கும் கதவின் அடிக்கும் உள்ள இடைவெளியை இரண்டு இடங்களில் அளந்து எழுதுங்கள்: கைப்பிடி இருக்கும் ஓரத்தில் ஒன்று, கீல் இருக்கும் ஓரத்தில் ஒன்று. பாதி திறந்து மறுபடி அளங்கள். முழுதாகத் திறந்து இன்னொரு முறை. இந்தச் சின்ன அளவு நிறையச் சொல்லும். இரண்டு ஓரத்திலும் இடைவெளி ஒரே அளவு கூடினால், கதவு திறக்கும்போது மேலே ஏறுகிறது என்று பொருள், அது ஏறுகீல். கைப்பிடிப் பக்கம் மட்டும் மாறி, கீல் பக்கம் அப்படியே இருந்தால் கீலில் விசேஷம் ஒன்றும் இல்லை. நிலைக்கால் செங்குத்தாக இல்லை, அல்லது தரை சமமாக இல்லை. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவைப் பார்த்ததும் கீலில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். பல சமயம் நிலைதான் சாய்ந்திருக்கும்.

அடுத்து, பாதி திறந்த நிலையில் கையை எடுத்துவிடுங்கள். அங்கேயே நிற்கிறதா, சாத்திக்கொள்கிறதா, இன்னும் திறக்கிறதா? சாத்திக்கொண்டால், வேகம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். ஸ்பிரிங் இழுக்கும் கதவு கையை எடுத்தவுடனே விறுவிறுவென்று திரும்பும். தன் எடையால் இறங்கும் கதவு மெதுவாகக் கிளம்பிப் போகப்போக வேகம் பிடிக்கும். கதவை எதிர்ப்பக்கமும் தள்ளிப் பாருங்கள், இருபுறமும் திறக்கிறதா என்று தெரியும்.

பிறகு கைப்பிடிக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். ஒரு விரல் கனம் எழும்பினால் கதவு தூக்கிக் கழற்றக்கூடிய வகை. இதைத் தனியாகச் செய்யாதீர்கள். கனமான கதவு எதிர்பாராமல் கழன்று வந்தால் ஒருவரால் பிடிக்க முடியாது. பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும், எழும்புகிறது என்று தெரிந்ததும் இறக்கிவிடுங்கள்.

கடைசியாக, முழுதாகத் திறந்த கதவு எங்கே போய் நிற்கிறது? சுவரோடு ஒட்டியா, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியா? கீல் பக்கத்து ஓரம் அசையாமல் நிற்கிறதா, அல்லது கைப்பிடி முன்னால் வரும்போது அந்த ஓரம் பின்னால் போகிறதா? பின்னால் போனால் சுழலும் அச்சு கதவின் ஓரத்தில் இல்லை. உள்ளே தள்ளி இருக்கிறது. அப்படியானால் மேலும் கீழும் முளை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இவ்வளவும் பத்து நிமிட வேலை. ஒரு திருகைக்கூடத் தொடவில்லை, ஆனால் கீலின் குடும்பம் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

கீலே இல்லாத கதவு

பக்கவாட்டில் எதுவுமே தெரியவில்லை என்றால் கதவின் மேல் முனையையும் கீழ் முனையையும் பாருங்கள். குடுமிக் கதவு மனிதர் செய்த கதவுகளில் மிகப் பழைய வகை. கதவின் ஓரக்கட்டையே மேலும் கீழும் நீண்டு, கீழ்முனை தரையில் பதித்த கல் குழியிலும் மேல்முனை நிலையின் மேல்கட்டையில் உள்ள துளையிலும் நின்று சுழலும். பண்டை மெசபடோமியாவில் இந்தக் குழிக்கற்களில் அரசர்கள் பெயர் பொறித்திருக்கிறார்கள். கதவு மரம் மட்கிப் போன பிறகும் அந்தக் கற்கள் நமக்குக் கிடைக்கின்றன. கி.மு. 9-ஆம் நூற்றாண்டு அசீரிய அரசர் மூன்றாம் ஷல்மனேசரின் பலாவத் கதவுகளும் இப்படிச் சுழன்றவைதாம். அவற்றின் மரத்தைச் சுற்றியிருந்த வெண்கலப் பட்டைகளை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ரோமில் பாந்தியன் கட்டடத்தின் பிரம்மாண்ட வெண்கலக் கதவுகளும் மேலும் கீழும் உள்ள முளைகளில்தான் திரும்புகின்றன.

அவ்வளவு பெரிய கதவுக்கு ஏன் இவ்வளவு எளிய ஏற்பாடு? இதற்கு விடை தெரிந்தால் மற்றக் கீல்களும் விளங்கிவிடும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பக்கக் கீலில் தொங்கும் கதவு தன் எடையால் முன்னால் சாயப் பார்க்கும். அதனால் மேல் கீலை நிலையிலிருந்து பிடுங்கும், கீழ்க் கீலை நிலைக்குள் அழுத்தும். எவ்வளவு விசை என்று எளிதாகக் கணக்குப் போடலாம்: கதவின் எடையைக் கதவு அகலத்தின் பாதியால் பெருக்கி, இரண்டு கீல்களுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 40 கிலோ கதவு, 90 செ.மீ. அகலம், கீல்களுக்கு இடையே 150 செ.மீ. என்றால் 40 × 45 ÷ 150 = 12. மேல் கீலை எப்போதும் 12 கிலோ எடைக்குச் சமமான விசை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதே எடையும் அகலமும் உள்ள குட்டையான வாயில் கதவில் கீல்களின் இடைவெளி 60 செ.மீ. என்றால் இழுவை 30 கிலோ. பழைய கதவுகளில் மேல் கீலின் திருகுகளே முதலில் தளர்வது இதனால்தான். குடுமிக் கதவிலும் மேல்முனையைப் பக்கவாட்டில் தள்ளும் விசை உண்டு, ஆனால் அதைத் தாங்குவது துளையின் சுவர். பிடுங்கிக்கொண்டு வருவதற்கு அங்கே திருகே இல்லை. எடை முழுக்கக் கீழே கல்லில் இறங்கிவிடுகிறது.

குடுமிக் கதவைக் கழற்றுவது தனிக் கலை. பெரும்பாலும் மேல்துளை ஆழமாகவும் கீழ்க்குழி ஆழம் குறைவாகவும் இருக்கும். கதவை நேராக மேலே தூக்கினால் கீழ்க்குடுமி குழியை விட்டு வெளியே வரும். அடிப்பக்கத்தை வெளியே இழுத்துச் சாய்த்து இறக்க வேண்டும். தூக்க இடமே இல்லை என்றால் மேல்துளையின் ஒரு பக்கத்தை மூடியிருக்கும் சிறு மரத்துண்டைத் தேடுங்கள். அதை எடுத்தால் குடுமி பக்கவாட்டில் வந்துவிடும். கதவு கீச்சிட்டால் மரக்குடுமிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம், தூசி சேர்ந்து பசையாகிவிடும். மெழுகு தேய்த்தால் போதும்.

பட்டையும் முளையும்

கதவின் குறுக்கே நீளமாக ஓடும் இரும்புப் பட்டை, அதன் முனையில் ஒரு வளையம், நிலையில் அடித்த எல் வடிவ முளையில் அந்த வளையம் மாட்டியிருக்கிறது. கொட்டில், கிடங்கு, தோட்ட வாயில் எங்கும் இருக்கும் இதை அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை. பட்டை நீளமாக இருப்பது அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். பலகைகளைச் சேர்த்துச் செய்த கதவில் எல்லாப் பலகைகளையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்துவதே அந்தப் பட்டைதான். அதைக் கழற்றினால் கதவே பிரிந்துவரலாம், முதலில் இதைச் சரிபாருங்கள்.

கதவைத் தூக்கினால் முளையிலிருந்து கழன்று வரும். வராவிட்டால் மேல் முளையைப் பாருங்கள். சில வாயில்களில் மேல் முளை மட்டும் தலைகீழாக, கீழ்நோக்கி இருக்கும். யாரும் கதவைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வெறுமனே பலம்கொண்டு தூக்கினால் முளை உடையும். நிலையிலிருந்து அந்த ஒரு முளையைக் கழற்றினால் மற்றது தானாக வரும்.

எச், எச்எல் என்ற ஆங்கில எழுத்து வடிவக் கீல்களும் பழைய வகைதான். இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் 17, 18-ஆம் நூற்றாண்டு வீடுகளில் நிறைய உண்டு. எச்எல் என்பது கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து என்று ஒரு கதை சொல்வார்கள். கதவைப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. எல்லின் படுத்த கை கதவின் குறுக்குச் சட்டத்தின்மேல் வருகிறது. நெடுஞ்சட்டமும் குறுக்குச் சட்டமும் சேரும் மூலை பிளவுபடாமல் அது பிடித்துக்கொள்கிறது. கழற்றும்போது இடது வலது கலந்துவிடாமல் குறித்து வையுங்கள்; எச்எல் கீல்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும், மாற்றிப் போட முடியாது. ஆணியடித்து மாட்டிய கீலானால் ஆணி மறுபுறம் வளைத்து மடக்கப்பட்டிருக்கும். மடக்கிய முனையை நிமிர்த்தாமல் முன்பக்கமிருந்து நெம்பினால் மரம் பிளக்கும்.

ஏறுகீல்

பழைய வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு சாதாரணக் கீல்போலத்தான் இருக்கும், கணு மட்டும் இரண்டே இரண்டு. மேல் கணுவும் கீழ்க் கணுவும் சந்திக்கும் கோடு நேராகப் போகாமல் மாடிப்படி வளைந்து ஏறுவதுபோலச் சரிந்து ஏறும். கட்டைவிரலை அந்தக் கோட்டில் வைத்துத் தகட்டைத் திருப்பினால், மேல்பாதி கீழ்ப்பாதியின் சரிவில் வழுக்கி மேலே போவது விரலுக்கே தெரியும். 90 பாகை திறக்கும்போது கதவு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும்.

தடித்த தரைவிரிப்பு போட்ட அறையில் கதவின் அடியை அறுத்துக் குறைத்தால் சாத்தியிருக்கும்போது கீழே காற்று புகும். அறுக்காவிட்டால் விரிப்பு தடுக்கும். ஏறுகீல் இரண்டையும் தீர்க்கிறது: சாத்தும்போது கீழே, திறக்கும்போது மேலே. மேலே ஏறிய கதவு தன் எடையால் சரிவில் இறங்கப் பார்க்கும் என்பதால் தானாகச் சாத்திக்கொள்ளும் வசதியும் சேர்ந்தே கிடைக்கிறது. ஸ்பிரிங் தேவையே இல்லை.

உறுதிப்படுத்த இன்னொரு அடையாளம் உண்டு. கதவின் மேல் ஓரத்தை, கீல் இருக்கும் மூலையில், கையால் தடவிப் பாருங்கள். உட்பக்கமாகச் சீவி இறக்கியிருப்பார்கள். திறக்கத் தொடங்கும் அந்த நொடியில் அந்த மூலை இன்னும் நிலையின் மேல்கட்டைக்குள்தான் இருக்கும், ஆனால் கதவு ஏறத் தொடங்கிவிடும். சீவாவிட்டால் இடிக்கும். கீலை யாரோ மாற்றிவிட்டிருந்தாலும் அந்தச் சீவல் மட்டும் அப்படியே இருக்கும். சாதாரணக் கீல் போட்ட ஒரு கதவில் அந்தச் சீவலைப் பார்த்தால் முன்பு அங்கே ஏறுகீல் இருந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். கீழே எப்போதும் உரசுகிறது என்று ஒரு வீட்டில் அழைத்திருந்தார்கள். மூலையில் சீவலைக் கண்டதும் பழைய கீல்களைத் தேடச் சொன்னேன். ஒரு டப்பாவுக்குள் இருந்தன. துடைத்து மாட்டியதும் உரசல் நின்றது.

வலது கைக் கதவுக்கும் இடது கைக் கதவுக்கும் ஏறுகீல் தனித்தனி. மாற்றி மாட்டினால் திறக்கும்போது கதவு கீழே இறங்கும்.

மூன்று தகடு, இரண்டு உருளை

இருபுறமும் திறந்து நடுவில் வந்து நிற்கும் கதவுகளில் இந்தக் கீலைப் பார்ப்பீர்கள். தட்டை இரண்டு கையிலும் ஏந்தி வருபவருக்காகச் சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே வைத்தார்கள். ஒரு தகடு கதவில், ஒன்று நிலையில், மூன்றாவது நடுவில் தொங்கும். நடுத்தகட்டின் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு உருளை, ஒவ்வொன்றுக்குள்ளும் முறுக்கிய ஸ்பிரிங். கதவை ஒரு பக்கம் தள்ளினால் ஒரு உருளை மட்டும் திரும்பும், மற்றது மூடியபடியே இருக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் வேலை மாறிக்கொள்ளும். இரண்டு ஸ்பிரிங்கும் சமமாக முறுக்கப்பட்டிருந்தால்தான் கதவு இரு பக்கமிருந்தும் ஒரே வேகத்தில் நடுவுக்குத் திரும்பும். ஒரு பக்கமிருந்து மட்டும் சோம்பலாகத் திரும்பினால் அந்தப் பக்கத்து உருளையின் முறுக்கு குறைந்திருக்கிறது.

உருளையின் நுனியில் ஒரு வளையமும் அதைச் சுற்றிச் சின்னத் துளைகளும் தெரியும். அதில் ஒரு கம்பியைச் செருகித் திருப்பித்தான் முறுக்கை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். திருப்பிய இடத்தில் நிற்க ஒரு குட்டி ஊசி இன்னொரு துளையில் இருக்கும். இங்கே தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உள்ளே இருப்பது முறுக்கேறிய எஃகு. அந்த ஊசியை வெறுங்கையால் பிடுங்கினால் வளையம் சட்டென்று சுழன்று கம்பியை உங்கள் முகத்தில் அடிக்கும். துளைக்குப் பொருத்தமான கனத்தில் உறுதியான கம்பி எடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், முதலில் முறுக்கும் திசையில் லேசாக அழுத்தி ஊசியை விடுவியுங்கள். அப்புறம் ஒவ்வொரு துளையாகத் தளர்த்துங்கள். முறுக்கு முழுதும் இறங்கும்வரை கதவில் ஒரு திருகையும் தொடக் கூடாது.

இருபுறமும் திறக்கும் கதவில் பக்கக் கீலே இல்லாவிட்டால் தரையைப் பாருங்கள். கீழ்முளைக்கு அடியில் பித்தளைத் தகடு மூடிய ஒரு பெட்டி இருந்தால் அது ஃப்ளோர் ஸ்பிரிங், அதாவது கதவைத் திரும்பச் சாத்தும் ஸ்பிரிங் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி எதுவும் இல்லாமல், கீழ்முளையில் வி வடிவப் பள்ளத்தில் உருளும் சிறு சக்கரமோ மேடோ இருந்தால், ஏறுகீலின் உறவுக்காரர்: எந்தப் பக்கம் தள்ளினாலும் கதவு பள்ளத்தின் சரிவில் ஏறி, விட்டதும் நடுவில் வந்து அமரும்.

சுவரிலிருந்து தள்ளி நிற்கும் கதவு

திறந்த கதவு சுவரைத் தொடாமல் விலகி நின்றால், அதன் கீல் சாத்தியிருக்கும்போது ஒரு சாண் தூரத்திலிருந்தே தெரியும். கணு கதவை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். விரித்தால் எச் போலிருக்கும் இதற்கு ஆங்கிலப் பெயர் பார்லிமென்ட் கீல். நிலையைச் சுற்றித் தடித்த அலங்காரச் சட்டம் இருந்தால் சாதாரணக் கீலில் கதவு 180 பாகை திரும்பாது, சட்டத்தில் இடிக்கும். கணக்கு எளிது. கதவின் முகப்பிலிருந்து பின்னின் நடுவரை உள்ள தூரத்தை இரண்டால் பெருக்குங்கள். முழுதாகத் திறந்த கதவுக்கும் நிலையின் முகப்புக்கும் அவ்வளவு இடைவெளி கிடைக்கும். 40 மி.மீ. சட்டத்தைத் தாண்ட, பின் 20 மி.மீ.க்குச் சற்று மேலே துருத்தியிருக்க வேண்டும். மாற்றுக் கீல் வாங்கும்போது உயரத்தைவிட இந்த அளவு முக்கியம்.

திருகில்லாத தகடு

கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு அழகான கணு, அதன் இரு நுனிகளிலும் குமிழ் அல்லது கலசம். தகடு எங்கே என்று தேடினால் மரத்துக்குள் போய் மறைந்திருக்கிறது. இது பிரான்சில் வேரூன்றிய வகை, ஃபிஷ் கீல் என்பார்கள். மரத்தின் கனத்தில் மெல்லிய காடி வெட்டி, தகட்டை அதற்குள் செருகி, முகப்பிலிருந்து ஒன்றிரண்டு ஆணிகளைத் தகட்டின் துளை வழியாக அடித்திருப்பார்கள். பல அடுக்குப் பெயின்ட்டுக்கு அடியில் அந்த ஆணித் தலைகள் சின்னப் புள்ளிகளாக மேடிட்டுத் தெரியும். டார்ச்சை மரத்தின்மேல் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள், நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாதது அப்போது நிழலாக எழும். ஆணியை எடுக்காமல் தகட்டை நெம்பினால் கதவின் ஓரம் பிய்ந்து வரும். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. இந்தக் கதவுகளில் பலவற்றைத் தூக்கியே கழற்றலாம், சிலவற்றில் குமிழைப் பிடித்துப் பின்னை மேலே இழுக்க வேண்டும்.

பெட்டிகளிலும் சிறு அலமாரிகளிலும் தகடே இல்லாமல் இரண்டு கம்பி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று சங்கிலிபோலக் கோத்திருந்தால், அது மிகப் பழைய எளிய முறை. ஒவ்வொரு கம்பியின் இரு நுனிகளும் மரத்தை ஊடுருவி, மறுபுறம் விரித்து அடிக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் கம்பி முறியும். மூடி பிரிந்துவிடவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை.

ஜன்னலின் வெளிக்கதவு திறந்த இடத்தில் பூட்டிக்கொண்டு, எவ்வளவு இழுத்தாலும் திரும்ப மறுக்கிறதா? தூக்கி இழுங்கள். முழுதாகத் திறந்ததும் கணுவில் உள்ள பல் ஒரு பள்ளத்தில் விழுந்து, காற்றில் அடித்துக்கொள்ளாதபடி கதவைப் பிடித்துக்கொள்ளும் வகை அது.

இனிக் கிட்டத்தில் பாருங்கள்

குடும்பம் தெரிந்த பிறகு காலத்தையும் செய்த முறையையும் பார்க்கலாம். கணுவின் பக்கவாட்டில் நகத்தால் தடவுங்கள். தகட்டைச் சுருட்டிச் செய்த எஃகுக் கீலில், சுருள் முடியும் இடத்தில் ஒரு மெல்லிய பிளவுக்கோடு நகத்தில் தட்டும். வார்ப்பிரும்பில் அந்தக் கோடு இருக்காது. கணுவும் தகடும் ஒரே கட்டி, பின்புறம் சொரசொரப்பாக இருக்கும். அடித்துச் செய்த இரும்பில் கனம் ஒரே சீராக இராது, ஓரங்களில் மெலியும். இங்கிலாந்தில் ஐசன், வைட்ஹர்ஸ்ட் என்ற இருவர் வார்ப்பிரும்புக் கீலுக்கு 1775-இல் காப்புரிமை பெற்றார்கள். ஆகவே வார்ப்பிரும்புக் கீல் உள்ள கதவு அதற்கு முந்திய நூற்றாண்டைச் சேர்ந்தது என்று யாராவது சொன்னால், கீலாவது பிற்பாடு வந்திருக்க வேண்டும். பித்தளைபோல மின்னினால் காந்தத்தை வையுங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு.

வார்ப்பிரும்பைச் சுத்தியலால் தட்டக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் மனதை உறுத்துகிறது. இலைக்கொடி வார்த்த ஓர் அருமையான கீலில், மேலே இருந்த குமிழைப் பின்னின் தலை என்று நினைத்துக் கீழிருந்து தட்டினேன். மூன்றாவது தட்டில் கணு விரிசல் விட்டது. அந்தக் கீலில் பின் தனியாக இல்லை. கீழ்க் கணுவோடு சேர்த்தே வார்த்திருந்தார்கள். கதவை மேலே தூக்கினாலே வந்திருக்கும். அன்றிலிருந்து குமிழுக்கும் கணுவுக்கும் நடுவே முடிபோன்ற கோடு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்காமல் எதையும் தட்டுவதில்லை. கோடு இருந்தால் குமிழ் பெரும்பாலும் மரைபோட்டது, துணி சுற்றிக் கையால் திருகினால் கழலும்.

திருகுகளும் காலம் சொல்லும். ஒரு திருகை மட்டும் கழற்றுங்கள். நுனி மழுங்கியும், தலையில் உள்ள கீறல் நடுவை விட்டு விலகியும் இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்கலாம். கூர்நுனித் திருகு அமெரிக்காவில் 1846-இல் காப்புரிமை பெற்ற பிறகு பரவியது. தலையில் கூட்டல் குறி இருந்தால் 1930-களுக்குப் பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஆனால் திருகை மட்டும் வைத்துக் கீலின் வயதைத் தீர்மானிக்காதீர்கள், திருகு எளிதாக மாறும். கீலின் பள்ளத்தைச் சுற்றி வேறு வடிவில் பெயின்ட் நிழலோ அடைத்த பழைய துளைகளோ இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எழுத்து ஏதாவது பொறித்திருந்தால் அதைச் சுரண்டாமல், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். சாய்சதுரமும் அதன் உச்சியில் ஒரு வட்டமும் இருந்தால் பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை இருந்த வடிவமைப்புப் பதிவு முத்திரை. வட்டத்துக்குள் ஒன்று என்பதற்கான ரோமன் எண் (I) இருந்தால் உலோகப் பொருள். எஸ்.ஜி.டி.ஜி. என்ற நான்கெழுத்து பிரெஞ்சுக் காப்புரிமை, டி.ஆர்.ஜி.எம். ஜெர்மனியில் 1891 முதல் வந்த பதிவுக் குறி. அமெரிக்கக் கீல்களில் காப்புரிமைத் தேதியையே வார்த்திருப்பார்கள். இங்கே ஒரு நல்ல உபாயம் உண்டு. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்படுகின்றன. பெயின்ட் அடைத்து ஓர் இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியாவிட்டால் இரண்டு தேதிகளுக்கும் கிழமை பாருங்கள். எது செவ்வாயோ அதுதான். அந்தத் தேதியைக் கொண்டு காப்புரிமை ஆவணத்தை இணையத்தில் தேடினால், கீலின் உள்ளமைப்பு வரைபடமே கிடைக்கும். தேதி கண்டுபிடிப்புக்கு உரியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் கையில் உள்ள கீல் அதற்குப் பல ஆண்டு பிந்தி வார்த்ததாகவும் இருக்கலாம்.

கழற்றும்போது

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்தபடி உரசவோ, நெருப்பு காட்டவோ வேண்டாம். கீலின் ஓரத்தைக் கத்தியால் கீறிப் பெயின்ட்டைப் பிரித்துவிடுங்கள், திருகுத் தலையின் கீறலைக் கூரிய ஊசியால் சுத்தம் செய்யுங்கள், திருப்புளியின் நுனி அந்தக் கீறல் முழுவதையும் அடைத்து நிற்கும் அளவில் இருக்கட்டும். அசையாத திருகை முதலில் இறுக்கும் திசையில் ஒரு துளி திருப்பினால் பிடி விடும். கழற்றிய கீலைப் பழைய பாத்திரத்தில் தண்ணீரில் மூழ்கவிட்டு, கொதிக்காத அளவு சூட்டில் சில மணி நேரம் வைத்தால் பெயின்ட் தோலாக உரிந்து வரும். அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள், கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பானால் உடனே துடைத்து உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும், ஒரு மணி நேரத்திலேயே துரு பிடிக்கும்.

ஒவ்வொரு கீலையும் அதன் திருகுகளோடு தனிப் பையில் போட்டு, மேல், கீழ், கதவுப் பக்கம், நிலைப் பக்கம் என்று எழுதுங்கள். தேய்ந்த கணுக்கள் தங்கள் ஜோடியோடுதான் சரியாகப் பொருந்தும்.

திரும்ப மாட்டும்போது தூக்கிக் கழற்றும் வகையில் இரண்டு முளைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சற்று நீளமாக இருந்தால் அது வேண்டுமென்றே செய்தது. நீளமான முளையில் வளையத்தை முதலில் மாட்டிக் கதவின் எடையை அதில் நிறுத்திவிட்டு, மற்றதை நிதானமாகப் பொருத்தலாம்.